அல்சூர் வீட்டு குரூப்ல தாத்தாவோட டால்ஃபின்

திவ்யா: பின்னாடி ஷெட் காலி பண்ண ஆரம்பிச்சாச்சு. தார்ப்பாய்க்கு அடியில தாத்தா காரு அப்படியே இருக்கு. பழைய இரும்புக்காரர் பாத்துட்டு எஞ்சின், அடிச்சட்டம் ரெண்டுக்குதான் காசு, மேல் பாடி எடைக்குப் போகாதுங்கறார். குடுத்துடலாமா?

செல்வம் மாமா: குடுக்காதே!! அந்த ஆளை அனுப்பிடு மொதல்ல

செல்வம் மாமா: அது சிப்பானி கம்பெனியோட டால்ஃபின்மா. நம்ம பெங்களூர்லயே செஞ்ச வண்டி, 1982ல வந்துச்சு. இங்கிலாந்துல ரிலையன்ட் கிட்டன்னு ஒரு சின்ன காரு இருந்துச்சு, அதைத்தான் இங்க எடுத்துட்டு வந்து டால்ஃபின்னு பேர் வெச்சாங்க. பாடி முழுக்க ஃபைபர், அதான் எடைக்குப் போகலை

பிரபு: ஃபைபரா? கார் முழுக்கவா?

செல்வம் மாமா: திவ்யா, ஃப்ரிட்ஜ்ல ஒட்டியிருக்கற காந்தத்தை எடுத்துட்டுப் போய் கதவுல வெச்சுப் பாரு

திவ்யா: ஐயோ கீழ விழுந்துடுச்சு மாமா 😮 தட்டினா தண்ணி டிரம் மாதிரி டொப் டொப்னு சத்தம் வருது

செல்வம் மாமா: அதான்! எத்தனை மழைக்காலம் போச்சு, எங்கயாவது துரு இருக்கா பாரு

திவ்யா: கதவுல துளி கூட இல்ல. கீழ அடிச்சட்டத்துல மட்டும் கொஞ்சம் இருக்கு

கீதா சித்தி: அண்ணா, அந்தக் கார்ல பின்சீட்டுக்குப் போகணும்னா முன்சீட்டை மடக்கணும், அம்மா பட்டுப்புடவை கட்டிட்டு ஏறவே மாட்டாங்க

செல்வம் மாமா: ஆமா கீதா, ரெண்டே கதவு, நம்ம ஊர்ல குடும்பத்தோட போறவங்களுக்கு அது ஒத்து வரலை. அடுத்த வருஷமே, 1983 டிசம்பர்ல, மாருதி 800 வந்துடுச்சு, நாலு கதவு, எல்லாரும் அந்தப் பக்கம் போய்ட்டாங்க. அப்புறம் சிப்பானியும் மான்டானான்னு நாலு கதவு வெச்சு ஒண்ணு விட்டாங்க, ஆனா ஓடலை. அதுக்காக டால்ஃபின் மட்டமான வண்டி கிடையாது. 848 சிசி, நாலு சிலிண்டர், எஞ்சின் அலுமினியம், நானும் அப்பாவும் ரெண்டே பேரா அதை வெளிய தூக்கி பழைய டயர் மேல வெச்சிருக்கோம். பின்சக்கரம்தான் இழுக்கும், எடையே கிடையாதா, மெட்ராஸ் பக்கத்துல சோழவரம் கார் ரேஸ்ல எல்லாம் டால்ஃபினை ஓட்டினாங்க தெரியுமா

பிரபு: சோழவரத்துலயா! மாமா இது எனக்கு இவ்ளோ நாள் தெரியாது

செல்வம் மாமா: ஒருதடவை லாரிக்காரன் இடிச்சு இடது மூலை உடைஞ்சுபோச்சு. டிங்கர் வேலையே இல்ல. அப்பா கண்ணாடி நார் பாயை வெட்டி வெச்சு, ரெசின் தடவி, காய்ஞ்சதும் உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சாரு, அந்தத் தூசி பட்டு ரெண்டு நாளைக்கு கை அரிச்சுட்டே இருந்துச்சு எனக்கு. இடது ஹெட்லைட்டுக்குக் கீழ தடவிப் பாரு, மேடு தட்டுப்படும்

திவ்யா: இருக்கு மாமா. விரல்ல தெரியுது

கீதா சித்தி: அப்பா கை பட்ட இடம்

பிரபு: எனக்கு வேணும் மாமா இந்த வண்டி. நான் பாத்துக்கறேன், ஆர்சி யார்கிட்ட இருக்கு?

செல்வம் மாமா: அம்மா டிரங்குப் பெட்டில பச்சை ஃபைல். சனிக்கிழமை வரேன். அதுக்குள்ள ஸ்டார்ட் பண்றேன்னு எதுவும் பண்ணிடாதே, மொதல்ல டேங்கைக் கழட்டிக் கழுவணும், ஸ்பார்க் ப்ளக் ஓட்டைல கொஞ்சம் ஆயில் விட்டு ஒரு நாள் ஊற வெச்சு அப்புறம் எஞ்சினைக் கையாலதான் சுத்திப் பாக்கணும்

திவ்யா: இரும்புக்காரர்கிட்ட ஓட்டை சைக்கிளை மட்டும் குடுத்தனுப்பிட்டேன்