வடசென்னைப் படம்னா அழுக்கு லுங்கிதானா?

காசிமேட்டுக் காத்து:
நேத்து ராத்திரி ஓடிடில ஒரு படம் போட்டேன். பேரு வேணாம், பேச்சு ரசிகர் சண்டையா மாறிடும். கதை நம்ம ஏரியா. முதல் சீன்லயே பத்துப் பேர் நிக்கிறானுங்க. பத்து லுங்கியும் ஒரே பழுப்பு. அங்கேயே எனக்குப் படம் முடிஞ்சுபோச்சு.

மீன் ஏலம் எடுக்கிற ஆளு விடியக்காலை எப்படி இருப்பாரு? அரை டவுசர், தலையில துண்டு, கையெல்லாம் செதில். அன்னிக்கு ராத்திரி ஒரு ரிசப்ஷன்னா அதே ஆளு கஞ்சி போட்டு இஸ்திரி பண்ண வெள்ளைச் சட்டை, கழுத்துல பவுடர், பாக்கெட்ல வெளிய தெரியுற மாதிரி நோட்டு. நாள் முழுக்க ஈரத்துலயும் நாத்தத்துலயும் நிக்கிறவன் வெளிய கிளம்பினா மடிப்புக் கலையாமத்தான் கிளம்புவான். சினிமாக்காரங்க காலைல மட்டும் வந்து பாத்துட்டுப் போயிடறாங்கபோல.

ராயபுரம் ரீல்:
தல, நீங்க படம் பாக்கலை, ஆடிட் பண்றீங்க. டிக்கெட் வாங்குறவன் எல்லாம் காசிமேட்டுக்காரன் இல்ல. இவன் யாரு, என்ன வேலை, கையில காசு இருக்கா, இதையெல்லாம் அவன் வாயத் திறக்குறதுக்குள்ள துணி சொல்லியாகணும். 1987-ல 'நாயகன்' வந்துச்சு. அதுல வர்ற பம்பாய்த் தாராவி, ஆர்ட் டைரக்டர் தோட்டா தரணி இங்க சென்னை வீனஸ் ஸ்டுடியோவுல போட்ட செட். தேசிய விருது வாங்கிக் குடுத்த செட். நிஜத் தாராவியோட ஒவ்வொரு தகரமும் ஒத்துப்போச்சான்னு யார் அளந்து பாத்தா? சந்து குறுகலா இருந்துச்சு, ஜனங்க நெருக்கியடிச்சு நின்னாங்க, நம்பினோம்.

காசிமேட்டுக் காத்து:
செட்டு மேல எனக்குக் கோவமே இல்ல. 'வடசென்னை'க்கு ஜெயிலை செட்டாத்தான் போட்டாங்க. வேற வழியும் இல்ல, சென்ட்ரல் ஜெயிலை 2006-ல காலி பண்ணி எல்லாரையும் புழலுக்கு அனுப்பிட்டாங்க, 2009-ல இடிச்சும் தள்ளிட்டாங்க. படம் வந்தது 2018. எனக்கு எங்கேயும் பிளைவுட் வாசனை அடிக்கலை. உள்ள எவன் எங்க உக்காருவான், யார் இடத்துக்கு யார் போகக்கூடாதுன்னு அந்த இடத்துக்குன்னு ஒரு பழக்கம் இருந்துச்சு, அதான் காரணம். நிஜத் தெருவுல, நிஜ வீட்டு வாசல்ல எடுத்தும் பொய்யாத் தெரியுதே, என் ஆத்தாமை அதைப் பத்தி.

அப்புறம் எண்பதுகள்ல நடக்குதுன்னு டைட்டில் கார்டு போடுவாங்க, ஆனா கரை முழுக்க ஃபைபர் படகு நிக்கும். ஃபைபர் அந்தளவு குவிஞ்சது 2004 சுனாமிக்கு அப்புறம் நிவாரணத்துல. அதுக்கு முந்தி கட்டுமரம்தான் கண்ணுக்கு நெறைய கெடக்கும். இதைக் கேட்டா ஆடிட்டாபா?

தையல் தாஸ்:
காஸ்ட்யூம்ல அசிஸ்டென்டா இருக்கேன், சொல்லலாமான்னு யோசிச்சேன். காசிமேட்டண்ணே கேட்ட ஒரே பழுப்புக்குக் காரணம் இருக்கு.

வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட் துணிக்கடைங்கள்ல டஜன் கணக்குல எடுப்போம். புதுத்துணி கேமராவுல புதுசாவே தெரியும். அதனால பிளீச்ல ஊறப்போட்டு வெளுக்கணும். காலர் மடிப்பை உப்புத்தாள் வெச்சுத் தேய்க்கணும். பாக்கெட் ஓரம், முட்டி, கையிடுக்கு, மனுஷன் உடம்பு எங்க உரசுமோ அங்க மட்டும் தேயணும். மூட்டை தூக்குறவன் சட்டை தோள்ல தேயும், டிரைவர் சட்டை முதுகுல தேயும். கடைசியா டீ டிகாஷன்ல ஒரு முக்கு. ஒழுங்கா செஞ்சா ஒரு சட்டைக்கு அரை நாள் ஓடிடும். ராத்திரி எட்டு மணிக்கு வந்து "காலைல நாப்பது பேருக்கு வேணும்"னா நாங்க என்ன பண்றது? ஒரே டிரம்மு, ஒரே டிகாஷன், நாப்பதும் உள்ள.

வெள்ளைச் சட்டைக்கு முதல்ல கேமராமேன் ஒத்துக்கணும். வெயில்ல முகத்துக்கு எக்ஸ்போஷர், அதாவது கேமராவுக்குள்ள விடுற வெளிச்சம், வெச்சா சட்டை வெறும் வெள்ளையா வெடிச்சு நிக்கும், சட்டைக்கு வெச்சா முகம் இருட்டாகிடும். நம்ம ஆளுங்க நிறத்துக்கு இன்னும் சிக்கல். அதனால வெள்ளையையும் லேசா டீயில காட்டித்தான் எடுப்போம். பளிச்னு வேணும்னா லைட்டிங்ல நேரம் செலவழிக்கணும், அந்த நேரம் ஹீரோ சட்டைக்குத்தான் கிடைக்கும்.

வண்ணை வாசுகி:
ஆம்பளைங்க லுங்கியிலயே நிக்கிறீங்க. பழைய காலத்துக் கதை சொல்ற பீரியட் படத்துல எங்களுக்கு என்ன குடுக்குறாங்கன்னு பாத்தீங்களா? கைத்தறிக் காட்டன். அழகாத்தான் இருக்கு. ஆனா எழுபது எண்பதுல எங்க தெருவுல நைலக்ஸ், அப்புறம் பூனம், ரெண்டும் சிந்தடிக் புடவை. அலசிப் போட்டா மளமளன்னு காஞ்சிடும், இஸ்திரி வேணாம், குடத்தைத் தூக்கிக்கிட்டு தண்ணி லாரி பின்னாடி ஓடினாலும் கசங்காது. காட்டனுக்குக் கஞ்சி போட்டு உக்காந்திருக்க எந்த அம்மாவுக்கு நேரம் இருந்துச்சு?

இந்தக் காலத்துக் கதைன்னா நைட்டி. அதுவும் ஹீரோயினோட அம்மாவுக்குத்தான், ஹீரோயினுக்குக் கிடையாது. சரி, அந்த நைட்டி மேல போடுற துண்டை யாராவது கவனிச்சிருக்காங்களா? குழாயடிக்குப் போகும்போது தோள்ல கிடக்கும், மாமனார் படியேறினா மார்ல இறங்கும், அண்ணாச்சி கடைக்கு ஓகே, பேங்க்குக்குன்னா உள்ள போயி புடவை மாத்திட்டு வருவோம். இதை ஒரு டைரக்டர் எடுத்தா அந்தத் தெருவுக்கு வசனமே வேணாம்.

ராயபுரம் ரீல்:
அக்கா சொல்றதை ஒத்துக்கறேன், துண்டு சமாச்சாரம் அருமை. ஆனா நிஜத்தை அப்படியே வெச்சா போதும்ங்கிறதை ஒத்துக்க மாட்டேன். 2021-ல வந்த 'சார்பட்டா பரம்பரை', எமர்ஜென்சி காலத்து வடசென்னைக் குத்துச்சண்டைக் கதை. ஏகன் ஏகாம்பரம் காஸ்ட்யூம். கடைசி ஆட்டத்துக்கு ஹீரோ கபிலன் நீல அங்கி போட்டுக்கிட்டு வருவான். யாரும் வசனத்துல விளக்கம் குடுக்கலை, ஆனா அது அம்பேத்கர் வழி வந்தவங்க நிறம்னு பாத்தவனுக்குப் புரிஞ்சுது. அந்தக் காலத்துல இங்க எவனாவது அப்படி ஒரு அங்கியோட ரிங்ல ஏறினானான்னு நோண்டிக்கிட்டு இருந்தா அந்த நிமிஷமே போயிடும்.

காசிமேட்டுக் காத்து:
அந்த நீலத்தை ஒருத்தர் உக்காந்து யோசிச்சு வெச்சாரு. நான் திட்டுறது யோசிக்காம டிரம்ல முக்கின பழுப்பை. ரெண்டையும் ஒரே தட்டுல வெக்காதீங்க.

ஒரு வருத்தம் என்னன்னா, அந்தப் படம் நேரா அமேசான்ல வந்துடுச்சு. நம்ம தண்டையார்பேட்டை அகஸ்தியா தியேட்டரை 2020-லயே மூடிட்டாங்க. நம்ம ஜனங்களோட உக்காந்து பாத்திருந்தா எந்தச் சட்டைக்கு விசில், எந்தச் சட்டைக்குச் சிரிப்புன்னு டைரக்டருக்கு அங்கேயே ரிசல்ட் தெரிஞ்சிருக்கும்.

கோவை குமரன்:
நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணுங்க. எனக்குப் பீளமேடு. வேலை கிடைச்சு தண்டையார்பேட்டையில ரூம் எடுத்தேன்னதும் வீட்டுல அம்மா ராத்திரியெல்லாம் தூங்கலைங்க, எல்லாம் படம் பாத்த பயம். அப்புறம் தெருவைப் போட்டோ எடுத்து அனுப்பினேன். வாசல்ல கோலம், யூனிபார்ம்ல பசங்க, மாடியில துணி காயுது. "பொய் சொல்லாத, இது வேற ஏரியா"ன்னுட்டாங்க.

ராயபுரம் ரீல்:
அதுக்கு ஒரு படத்தைக் குத்தம் சொல்ல முடியாது குமரன். தென்சென்னையில வசதியான அடையாறு கதையில வர்றவன் எல்லாம் ஒரே லினன் சட்டைதான் போடுறான். அதுவும் டெம்ப்ளேட்தான், அதுக்கு யாரும் இங்க வந்து சண்டை போடுறதில்லையே.

வண்ணை வாசுகி:
ஏன்னா லினனைப் பாத்து யாரும் வீடு வாடகைக்கு இல்லன்னு சொல்றதில்ல தம்பி. வியாசர்பாடின்னு அட்ரஸ் சொன்னா எதிர்ல இருக்கிறவங்க மூஞ்சி மாறும் பாருங்க, அதுக்கு ஒரு படம் காரணம் இல்ல, முப்பது படம் காரணம். ஒவ்வொண்ணும் தனித்தனியா நல்ல படமாக்கூட இருக்கும்.

ராயபுரம் ரீல்:
அப்போ ஏழையைக் காட்டும்போது ஏழ்மையே தெரியக்கூடாதுங்கிறீங்களா? அதுவும் ஒரு பொய்தானேக்கா.

வண்ணை வாசுகி:
தெரியட்டுமே, யார் வேணாம்னா? கிழிஞ்ச சட்டையில தையல் போட்டிருப்போம்ல, அந்தத் தையலும் சேந்து தெரியட்டும்.

தையல் தாஸ்:
வாசுகிக்கா, வேலை விஷயமா ஒண்ணு. அடுத்து ஒரு படம், 1983-ல நடக்குது. பழைய பூனம் புடவை வாடகைக் கடையில தேறவே மாட்டேங்குது. உங்க தெருவுல யார் பீரோவுலயாவது இருந்தா சொல்லுங்க, காசு குடுத்தே எடுத்துக்கறோம்.

வண்ணை வாசுகி:
கேட்டுச் சொல்றேன். நைலக்ஸ் ரெண்டு எங்க வீட்டுலயே இருக்கு. டீயில முக்கினீங்கன்னா நடக்கிறதே வேற.

தையல் தாஸ்:
டீ டிரம் பக்கமே கொண்டுபோக மாட்டேன்க்கா. பயப்படாம குடுங்க.