சும்மா கிடக்கிற அறையைச் சாமான் அறையாக்கலாமோ?

கோண்டாவிலான்:
தம்பி கனடா போனபிறகு மேற்குப் பக்கத்து அறை பூட்டியே கிடக்குது. 10 அடிக்கு 8 அடி, ஒரு யன்னல். அம்மாவின்ர நெல்லுச் சாக்கு, வெங்காயம், ஒடியல் (காயவைச்ச பனங்கிழங்கு), பித்தளை அண்டா எல்லாம் இப்ப விறாந்தையிலதான். அந்த அறைக்கு மாத்த விருப்பம். மாரியில சுவரடி ஈரமாகி உப்புப் பூக்குது. என்ன தட்டு அடிக்கலாம்?

பழைய மேசன்:
தம்பி, தட்டை விடும், முதல்ல ஈரத்தைப் பாரும். வெளியில மண் அத்திவாரத்துக்கு மேல ஏறியிருக்கோ? கூரைப் பீலித் தண்ணி சுவரடியில விழுகுதோ? மண்ணை வெட்டி இறக்கி, தண்ணி தூரப்போக வழிவிடும். உப்பை உலர்ந்த பிரஷால தட்டும். அதுக்கு மேல எண்ணெய்ப் பெயின்ற் அடிச்சுப்போடாதையும், ஈரம் உள்ளுக்க அடைபட்டுப் பொருக்கு வெடிக்கும். சுண்ணாம்புதான் நல்லது. ஐப்பசிக்கு முன்னம் செய்யும்.

உரும்பிராய் அக்கா:
சிப்போட் (மரத்தூளை அழுத்திச் செய்த பலகை) வேண்டாம், ஈரம் பட்டா ஊதிப்போகும். வைரம் பாய்ஞ்ச பனஞ்சிலாகை (பனைமரச் சட்டம்) எடுங்கோ, கறையான் லேசில தொடாது. தட்டுக்கும் சுவருக்கும் நாலு விரல் இடைவெளி விடுங்கோ. நெல்லுச் சாக்குக்குக் கீழ பலகை கட்டாயம்.

வெங்காயத்தைச் சாக்கில அடையாதேங்கோ. தாளோட (தண்டோட) பிடிபிடியாக் கட்டி யன்னல் பக்கம் கம்பில தொங்கவிடுங்கோ. காத்துப் படாட்டி ஒண்டு அழுகி மற்றதையும் கெடுக்கும். ஒடியலை நல்லாக் காயவிட்டு, இறுக்கமான மூடி போட்ட தகரத்தில வையுங்கோ.

கோண்டாவிலான்:
நன்றி அக்கா, அண்ணை. பீலி உடைஞ்சுதான் கிடக்குது. ஞாயிறு அதில தொடங்குறன்.