புதுப்பிப்பு: கோடாக்ரோம் ஸ்லைடுகளில் ஏறிய நீலம்

மாமா எடுத்த பழைய கோடாக்ரோம் (கோடாக்கின் வண்ண ஃபிலிம்) ஸ்லைடுகளை ஸ்கேன் செய்தால் நிழலெல்லாம் நீலம் பாய்ந்து வருகிறது, என்ன செய்யலாம் என்று முன்பு கேட்டிருந்தேனே, அது இப்போது சரியாகிவிட்டது, கிட்டத்தட்ட.

ஸ்கேனரோடு வந்த ப்ரொஃபைல், அதாவது ஸ்கேனர் காணும் நிறத்தைச் சரியான நிறமாக மாற்ற உதவும் கோப்பு, எக்டாக்ரோம் மாதிரியான ஈ-6 (வேறொரு கழுவுமுறை) ஃபிலிமுக்கானது. கோடாக்ரோமின் சாயங்கள் வேறு, நம் கண்ணுக்குச் சாம்பலாகத் தெரிவது சென்சாருக்கு நீலமாகப் படுகிறது. ஆகவே கோடாக்ரோம் ஃபிலிமிலேயே செய்த ஐடி8 டார்கெட்தான், அதாவது நிறம் அளந்து வைத்த வண்ணக் கட்டங்கள் கொண்ட ஸ்லைடுதான், வேண்டும். கோடாக் 2009-லேயே இந்த ஃபிலிமை நிறுத்திவிட்டதால் பழையதைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்; ஒரு நண்பர் இரவல் கொடுத்தார், புண்ணியவான், ஒவ்வொரு கட்டத்தின் உண்மையான நிறத்தைச் சொல்லும் அளவீட்டுக் கோப்பையும் சேர்த்தே அனுப்பினார். அந்தக் கோப்பு இல்லாவிட்டால் டார்கெட் வெறும் வண்ணக் கட்டங்கள்தான்.

ஆட்டோ கலர், ஆட்டோ எக்ஸ்போஷர், ஷார்ப்பனிங் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு 16 பிட்டில் ஸ்கேன் செய்து, ஆர்கைல் சிஎம்எஸ் என்ற நிற மேலாண்மை மென்பொருளில் ப்ரொஃபைல் தயாரித்தேன். ஸ்லைடுகளையும் அதே அமைப்பில்தான் எடுக்க வேண்டும், இல்லையென்றால் ப்ரொஃபைல் பொருந்தாது. டார்கெட்டின் அடியில் ஓடும் சாம்பல் வரிசை இப்போது கடைசிக் கருப்புக் கட்டம் வரை சாம்பலாகவே இருக்கிறது. அத்தையின் கறுப்புக் குடையும் கறுப்பாகிவிட்டது.

அப்புறம், அகச்சிவப்புத் தூசி நீக்கி (அகச்சிவப்பு ஒளியால் தூசியைக் கண்டுபிடித்து அழிக்கும் ஸ்கேனர் வசதி) பற்றிக் கேட்டவர்களுக்கு: கோடாக்ரோமில் அதை நம்பாதீர்கள், அடர்ந்த இடங்களைத் தூசி என்று நினைத்து அழித்துவிடுகிறது. ஊதுகுழலும் மென்தூரிகையும்தான். சாயம் வெளுத்துப்போன ஈ-6 ஸ்லைடுகளுக்கு ப்ரொஃபைல் உதவாது, அவற்றைத் தனித்தனியாகத்தான் திருத்திக்கொண்டிருக்கிறேன்.