திரைப்பதிவில் டிராப்டவுன் பட்டியல் காணவில்லை, வீடியோவை நகர்த்தவும் முடியவில்லை: உதவி தேவை

கேள்வி:

வணக்கம். அலுவலகத்தில் புதிதாகச் சேருபவர்களுக்குக் கொள்முதல் மென்பொருளைச் சொல்லித்தருவது என் பொறுப்பு. ஒவ்வொருவர் பக்கத்திலும் உட்கார்ந்து காட்டுவதற்குப் பதில் ஒரு தடவை பதிவு செய்து வைத்துவிடலாம் என்று, பிரவுசரிலேயே ஓடும் இலவசத் திரைப்பதிவுக் கருவி ஒன்றைப் பயன்படுத்தினேன். கணினியில் எதையும் நிறுவ எனக்கு அனுமதி கிடையாது. விண்டோஸ் 11, குரோம்.

40 நிமிடம் பேசிப் பதிவு செய்து, போட்டுப் பார்த்தால் ஒரே ஏமாற்றம். 'சப்ளையர்' கட்டத்தைக் கிளிக் செய்கிறேன். நேரில் திறந்த பட்டியல் வீடியோவில் திறக்கவே இல்லை. மவுஸ் வெற்றிடத்தில் கீழே இறங்குகிறது, திடீரென்று கட்டத்துக்குள் ஒரு பெயர் வந்து நிற்கிறது. புதியவருக்கு இதில் என்ன புரியும்? ஆனால் பக்கத்தின் மேலே இருக்கும் மெனு மட்டும் ஒழுங்காகத் தெரிகிறது. அதுதான் எனக்குப் பிடிபடவில்லை.

அப்புறம், அந்தக் கருவி சேமித்த வெப்எம் (WebM) வடிவ வீடியோ கோப்பில் மொத்த நேரம் காட்டவில்லை, நடுவில் ஓர் இடத்துக்குத் தாவவும் முடியவில்லை. தவறான எண் கொடுத்தால் மென்பொருள் எழுப்பும் எச்சரிக்கை ஒலியும் பதிவாகவில்லை. நாளை மறுநாள் 5 பேர் சேருகிறார்கள். எல்லாவற்றையும் திரும்பப் பேச வேண்டுமா?

பதில் 1:

எதைப் பகிர்வது என்று குரோம் கேட்டபோது டேப்பைத் தேர்ந்தெடுத்தீர்களா?

கேள்வி கேட்டவர்:

ஆமாம். மின்னஞ்சல் அறிவிப்பு எதுவும் குறுக்கே வந்துவிடக் கூடாதே என்றுதான்.

பதில் 1:

காரணம் அதுதான். டேப்பைப் பகிர்ந்தால் அந்தப் பக்கத்துக்குள் வரையப்படுவது மட்டுமே பதிவாகும். உங்கள் மேல் மெனு பக்கத்தின் ஒரு பகுதி, அதனால் தெரிகிறது. சப்ளையர் பட்டியல் சாதாரணத் தேர்வுப் பெட்டியாக இருக்கும். அதைப் பிரவுசர் பக்கத்துக்கு மேலே தனிச் சிறு சாளரமாகத் திறக்கிறது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோல இருந்தாலும் பதிவுக்கு அது வெளியே இருக்கும் பொருள். முழுத்திரையைத் தேர்ந்தெடுத்தால் பட்டியலும் வரும்.

ஒலிக்கும் அந்தப் பகிர்வுப் பெட்டியையே பாருங்கள். ஒலியையும் பகிரவா என்று ஒரு பொத்தான் இருக்கும். அது அணைந்திருந்தால் மைக் மட்டும்தான் பதிவாகும். ஃபயர்பாக்ஸில் முயல வேண்டாம், அங்கே கணினியின் ஒலியைப் பகிரும் வசதியே இல்லை.

பதில் 2:

வெப்எம் சிக்கலுக்கு என் பதில். கோப்பு கெடவில்லை, கவலைப்படாதீர்கள். பிரவுசர் பதிவு செய்யும்போதே கோப்பை எழுதிக்கொண்டு போகிறது. தொடக்கத்தில் மொத்த நீளம் தெரியாது; முடிந்த பிறகு திரும்பிப்போய் அதைக் குறிப்பதும் இல்லை. அதனால்தான் தாவ முடியவில்லை. உங்கள் ஐடி பிரிவில் எஃப்எஃப்எம்பெக் (FFmpeg, வீடியோ கோப்புகளை மாற்றும் இலவச நிரல்) வைத்திருப்பவரிடம் கொடுத்து, மறுபடி சுருக்காமல் அப்படியே புதுக் கோப்பாக நகலெடுக்கச் சொல்லுங்கள். 40 நிமிட வீடியோவுக்குக்கூட அதிக நேரம் பிடிக்காது, தரமும் குறையாது.

ஒன்று மட்டும் வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். இலவசமாக மாற்றித்தரும் ஏதோ ஓர் இணையதளத்தில் அதை ஏற்றிவிடாதீர்கள். சப்ளையர் பெயர், விலை, வங்கி விவரம் எல்லாம் அந்தத் திரையில் இருக்கும்.

பதில் 3:

பல வருடமாக இதே வேலையில் இருப்பதால் சொல்கிறேன். விண்டோஸ் 11 என்றால் திரையைப் படமும் வீடியோவும் எடுக்கும் ஸ்னிப்பிங் டூல் (Snipping Tool) ஏற்கெனவே இருக்கிறது, எதையும் நிறுவ வேண்டாம். வீடியோ பொத்தானை அழுத்தி, திரையில் எந்தப் பகுதி வேண்டுமோ அதைச் சுற்றிக் கட்டம் இழுத்தால் போதும். அந்தக் கட்டத்துக்குள் என்ன தெரிந்தாலும் பதிவாகும், உங்கள் பட்டியல் உட்பட. மைக்கையும் கணினி ஒலியையும் தனித்தனியாக ஆன் செய்யலாம். எம்பி4 ஆகவே சேமிக்கும் என்பதால் தாவும் தொல்லையும் இல்லை. அறிவிப்புகளுக்கு 'தொந்தரவு செய்யாதே' போட்டுவிடுங்கள்.

அடுத்தது, 40 நிமிடத்தை ஒரே கோப்பாக வைக்காதீர்கள். ஆர்டர் போடுவது ஒன்று, திருத்துவது ஒன்று, ரத்து செய்வது ஒன்று என்று வேலைவாரியாகப் பிரியுங்கள். நாளைக்கு ஒரு திரை மாறினால் அந்தத் துண்டை மட்டும் திரும்பப் பதிவு செய்தால் போதும். சேர்ந்த முதல் வாரத்தில் யாரும் முழுதாகப் பார்ப்பதில்லை. கை நின்றுபோகும் இடத்தைத்தான் தேடி வருவார்கள்.

முடிந்தால் சோதனைக் கணக்கில், கற்பனைச் சப்ளையர் பெயர்களோடு பதிவு செய்யுங்கள். உண்மைத் தரவைப் பிறகு மறைப்பது பெரும் பாடு, ஒரு நொடி விட்டுப்போனாலும் அது அங்கேயே இருக்கும்.

கேள்வி கேட்டவர்:

மூவருக்கும் நன்றி. ஐடி பிரிவில் கோப்பைச் சரிசெய்து கொடுத்துவிட்டார்கள், இப்போது நன்றாகத் தாவுகிறது. ஆனால் பதில் 3 படித்த பிறகு அதை அனுப்ப மனம் வரவில்லை, இரண்டு இடத்தில் உண்மையான வங்கி எண் தெரிகிறது. சோதனைக் கணக்கு வாங்கி, ஸ்னிப்பிங் டூலில் 6 துண்டுகளாகத் திரும்பப் பதிவு செய்தேன். முன்பு பேசியது நினைவில் இருந்ததால் மொத்தமே 22 நிமிடத்தில் முடிந்தது.

இதே வழியில் செய்பவர்களுக்கு ஒரு குறிப்பு: கட்டம் இழுக்கும்போது கீழே கொஞ்சம் இடம் விடுங்கள். முதல் முயற்சியில் சப்ளையர் பட்டியலின் கடைசி நான்கு பெயர்கள் கட்டத்துக்கு வெளியே போய்விட்டன.