வீட்டு பிராட்பேண்டில் ஃபில்டர் போட்டும் மகனின் போனில் எல்லாம் திறக்கிறது. என்ன செய்யலாம்?

ஹாரோ_அம்மா
வணக்கம். லண்டன் ஹாரோவில் இருக்கிறோம். மகனுக்கு 11 வயது. செகண்டரி ஸ்கூல் தொடங்கியதும் ஒரு சாம்சங் போன் வாங்கிக் கொடுத்தோம். அதற்கு முன்பே பிராட்பேண்ட் கம்பனியின் ஆப்பில் போய் அடல்ட் ஃபில்டரைப் போட்டுவிட்டேன். என் லாப்டாப்பில் நன்றாக வேலை செய்கிறது.

நேற்று இரவு அவன் நித்திரையான பிறகு சார்ஜில் கிடந்த போனை எடுத்துப் பார்த்தேன். பள்ளி வேலைக்காக கூகுளில் ஏதோ படம் தேடியிருக்கிறான். அந்த வரிசையிலேயே அவன் வயதில் பார்க்கக் கூடாத படங்கள். ஒன்றைத் தொட்டேன், அந்தத் தளமே திறந்துவிட்டது. கை நடுங்கிவிட்டது.

காலையில் கம்பனிக்குப் போன் எடுத்து 40 நிமிடம் காத்திருந்தேன். "எங்கள் பக்கம் ஃபில்டர் சரியாகத்தான் இருக்கிறது" என்று வைத்துவிட்டார்கள். மகன் ஏதாவது செய்து ஃபில்டரை உடைத்துவிட்டானா? போனைப் பறித்து வை என்கிறார் இவர். அதற்கு முதல் என்ன நடந்தது என்று எனக்குத் தெரிய வேண்டும். அவனிடம் இன்னும் எதுவும் கேட்கவில்லை.

ரெடிங்_குமரன்
கேட்காமல் இருந்தது நல்லது அக்கா. முதலில் ஒரு சோதனை செய்து பாருங்கள். இதற்காக ஆபாசத் தளம் எதையும் திறக்க வேண்டாம். ஃபில்டரில் சூதாட்டம் என்று ஒரு பிரிவு இருக்கும், அதையும் தடையில் போடுங்கள். சில கம்பனிகளில் மாற்றம் நடைமுறைக்கு வரச் சற்று நேரம் ஆகும், அதனால் இரண்டு மணி நேரம் விட்டுவிடுங்கள். அப்புறம் லாப்டாப்பிலும் மகனின் போனிலும் ஏதாவது ஒரு பெட்டிங் தளத்தைத் திறந்து பாருங்கள். போனில் மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு, வைஃபையில் மட்டும் பார்க்க வேண்டும். டேட்டாவில் போனால் வீட்டு ஃபில்டருக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

குரோய்டன்_தம்பி
இன்காக்னிட்டோவில் திறந்திருப்பான் அக்கா.

ரெடிங்_குமரன்
இல்லை தம்பி, இன்காக்னிட்டோ அந்த போனில் வரலாற்றைச் சேமிக்காமல் விடும், அவ்வளவுதான். ஃபில்டரைத் தாண்டாது.

ஹாரோ_அம்மா
செய்து பார்த்தேன். லாப்டாப்பில் தடைப் பக்கம் வந்தது. என் ஐபோனிலும் வந்தது. மகனின் போனில், டேட்டாவை அணைத்தும், தளம் அப்படியே திறக்கிறது. ஃபில்டரைச் சுற்றிப் போக உதவும் விபிஎன் ஆப் எதுவும் இல்லை, ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டேன்.

ரெடிங்_குமரன்
சரி, அப்படியென்றால் கம்பனி சொன்னது உண்மை. கோளாறு அந்த போனில்தான். செட்டிங்ஸ், கனெக்‌ஷன்ஸ், மோர் கனெக்‌ஷன் செட்டிங்ஸ், அதற்குள் பிரைவேட் டிஎன்எஸ் என்று இருக்கும். அதில் என்ன போட்டிருக்கிறது?

ஹாரோ_அம்மா
மூன்றாவது தெரிவில் புள்ளி இருக்கிறது. அதன் கீழே அட்கார்ட் என்று ஏதோ எழுதியிருக்கிறது. நான் போடவில்லை.

ரெடிங்_குமரன்
அதுதான் காரணம்.

நீங்கள் ஒரு தளத்தின் பெயரை அடித்தால், அதற்கான எண் முகவரியைத் தேடித் தருவது டிஎன்எஸ். கம்பனிகளின் ஃபில்டர் பெரும்பாலும் அந்த இடத்தில்தான் இருக்கும். தடைப் பட்டியலில் உள்ள பெயரைக் கேட்டால், சரியான முகவரியைக் கொடுக்காமல் தடைப் பக்கத்துக்குத் திருப்பிவிடும். மகனின் போன் அந்தக் கேள்வியைக் கம்பனியிடம் கேட்பதே இல்லை. பூட்டிய உறைக்குள் வைத்து நேராக அட்கார்ட் என்ற வேறொரு டிஎன்எஸ் சேவையிடம் அனுப்பிவிடுகிறது. ஃபில்டரை யாரும் உடைக்கவில்லை, அது தானாக உடையவும் இல்லை. அதற்குக் கேள்வியே காதில் விழவில்லை.

அட்கார்ட்டின் சாதாரண சர்வர் விளம்பரத்தைத்தான் தடுக்கும். கேம் விளையாடுகிற பிள்ளைகள் அதற்காகவே போடுவார்கள். தவறான எண்ணத்தில் செய்திருப்பான் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஹாரோ_அம்மா
இப்போதுதான் கேட்டேன். "கேமில் அட் வராமல் இருக்க" என்று உடனே சொன்னான். லீவில் வந்து நின்ற பெரியம்மாவின் மகன் போட்டுக் கொடுத்திருக்கிறான். அந்தப் படங்களைப் பற்றியும் மெல்லக் கதைத்தேன். தானாக வந்தது, பயந்து மூடிவிட்டேன், உங்களிடம் சொன்னால் போனை எடுத்துவிடுவீர்கள் என்று சொல்லவில்லை என்றான். எனக்கு அழுகை வந்துவிட்டது.

இப்போது அதை ஓஃப் பண்ணினால் போதுமா?

ரெடிங்_குமரன்
ஆட்டோமேட்டிக் என்று மாற்றினால் வீட்டு ஃபில்டர் வேலை செய்யும். ஆனால் நான் உங்கள் இடத்தில் இருந்தால் வேறு மாதிரி செய்வேன். அதே அட்கார்ட்டில் குடும்பப் பாதுகாப்பு என்று இன்னொரு சர்வர் இருக்கிறது. அது விளம்பரத்தையும் தடுக்கும், ஆபாசத் தளங்களையும் தடுக்கும், கூகுள் தேடலையும் பாதுகாப்பான நிலையில் வைக்கும். பிள்ளைக்கும் இழப்பில்லை. வீட்டுக்கு வெளியே போனாலும் கூடவே வரும். பெயரை எழுத்துப் பிழை இல்லாமல் அடியுங்கள், ஒரு எழுத்து மாறினாலும் இணையமே வராது.

இன்னொன்று. கூகுள் படத் தேடலில் வரும் சின்னப் படங்கள் கூகுளின் தளத்திலிருந்தே வருகின்றன. பல கம்பனிகளின் ஃபில்டர் அதைத் தொடாது. அந்த போனில் யாருடைய கூகுள் கணக்கு இருக்கிறது?

ஹாரோ_அம்மா
என்னுடையது. அவசரத்துக்கு என் கணக்கையே போட்டுக் கொடுத்தேன்.

ரெடிங்_குமரன்
அப்போது கூகுளுக்கு அந்த போனில் இருப்பது ஒரு பெரியவர். ஃபேமிலி லிங்க் என்ற கூகுளின் பெற்றோர் கட்டுப்பாட்டு ஆப் வழியாக அவன் வயதைக் கொடுத்து அவனுக்கென்று ஒரு கணக்கு தொடங்குங்கள். சிறுவர் கணக்குகளில் சேஃப்சர்ச், அதாவது கூகுள் தேடலில் ஆபாசத்தை வடிகட்டும் வசதி, தானாகவே ஆனில் இருக்கும். சிம் யார் பெயரில் இருக்கிறது என்றும் பாருங்கள். பிரிட்டனில் மொபைல் கம்பனிகள் 18 வயதுத் தடையை வழக்கமாகப் போட்டேதான் தருவார்கள். உங்கள் பழைய சிம் என்றால் அந்தத் தடையை எப்போதோ நீக்கியிருப்பீர்கள்.

ஈஸ்ட்ஹாம்_மாமி
ஒரு சந்தேகம் தம்பி. 2025 ஜூலை 25 முதல் ஆபாசத் தளங்கள் வயதைச் சரிபார்க்க வேண்டும் என்று சட்டம் வந்துவிட்டதே. இனி வீட்டு ஃபில்டர் எதற்கு?

ரெடிங்_குமரன்
அந்தச் சட்டம் தளத்தை நடத்துபவர்களைக் கட்டுப்படுத்துகிறது மாமி. கடைப்பிடிக்காத தளங்களும் இருக்கின்றன. இரண்டும் இருக்கட்டும். ஆனால் வாட்ஸாப்பில் நண்பன் அனுப்புகிற படத்தை இரண்டும் தடுக்காது.

சட்டன்_நர்ஸ்
ஹாரோ அக்காவுக்கு ஒரு விஷயம். ஃபில்டரை ஆகக் கடுமையான அளவில் வைக்காதீர்கள். என் மகளுக்கு 13 வயதில் மாதவிடாய் பற்றி ஒரு நல்ல தளம் அடைபட்டுப் போனது. "நான் ஏதோ அசிங்கமானதைத் தேடிவிட்டேன் போல" என்று ஒரு வாரம் முகம் கொடுக்காமல் இருந்தாள். அது எனக்கு இன்றைக்கும் வலிக்கிறது. இந்த ஃபில்டர்கள் பரவலாக வந்த 2013 டிசம்பரிலேயே பிபிசியின் நியூஸ்நைட் நிகழ்ச்சி சோதித்துப் பார்த்தது. பாலியல் கல்வித் தளங்களும், பாலியல் வன்முறைக்கு உள்ளானவர்களுக்கு உதவும் தளங்களும்கூட அடைபட்டிருந்தன. தடைப்பட்ட தளத்தை அனுமதிக்கும் பட்டியல் உங்கள் ஆப்பிலேயே இருக்கும். தடைப் பக்கம் வந்தால் பயப்படாமல் வந்து சொல், சேர்ந்து பார்க்கலாம் என்று மகனிடம் இப்போதே சொல்லி வையுங்கள்.

ஹாரோ_அம்மா
மிக்க நன்றி அக்கா, இன்று இரவே சொல்கிறேன்.

குமரன் தம்பி, எல்லாம் செய்துவிட்டேன். புதுக் கணக்கு, குடும்ப சர்வர். பெயரை அடித்தது மகன்தான், நான் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லச் சொல்ல. முதல் முறை ஒரு புள்ளி விடுபட்டு இணையம் வரவில்லை, அவனே கண்டுபிடித்துத் திருத்தினான். பிறகு அவன் முதலில் தேடிய அதே படத்தை இருவரும் சேர்ந்து கூகுளில் தேடிப் பார்த்தோம். கூடாத படம் எதுவும் வரவில்லை. கேமிலும் விளம்பரம் வரவில்லை. சிம் என்னுடைய பழையதுதான், தடையைத் திரும்பப் போடச் சொல்லி மொபைல் கம்பனிக்கு நாளை போன் எடுக்கிறேன். போன் அவனிடமே இருக்கிறது, இரவில் மட்டும் குசினியில் சார்ஜ் போடுவான்.