அப்பாவின் புண்ணியக் கணக்கு: கொஞ்சம் வழி சொல்லுங்கள்

குழுவினருக்கு வணக்கம். எழும்பூர் ரயில் நிலையம் பக்கம் போனாலே யாராவது அப்பாவிடம் கை நீட்டிவிடுவார்கள். இவரும் உடனே சட்டைப்பையைத் துழாவுவார். "கொடுக்கிறது நம்ம கர்மா, ஏமாத்தினா அது அவன் கர்மா" என்பார். அதற்கு மேல் பேச முடியாது. சில்லறையாகப் போனவரை நானும் கண்டுகொள்ளவில்லை.

இப்போது விஷயம் வேறு. ஒருவர் கசங்கிய ஸ்கேன் சீட்டைக் காட்டி, மனைவி சென்ட்ரல் எதிரே ராஜீவ் காந்தி அரசு மருத்துவமனையில் இருப்பதாகச் சொல்லி, ஜிபே எண் கொடுத்திருக்கிறார். பெரிய தொகை. சீட்டில் வார்டு எண் இருக்கிறது, தேதி இருந்த மூலை மட்டும் கிழிந்திருக்கிறது. அரசு மருத்துவமனையில் எதற்கு இவ்வளவு பணம்? முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்திலேயே குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. ஆனால் அந்த அட்டை எல்லாரிடமும் இருக்காது. கூட இருப்பவர்களின் சாப்பாடு, ஆட்டோ என்று கைக்காசு கரைவதும் உண்மைதான். அதனால் பொய் என்று ஒரேயடியாகத் தள்ளவும் மனம் வரவில்லை.

அங்கே வேலை பார்ப்பவர்கள் யாராவது இருக்கிறீர்களா? வார்டில் யாரைக் கேட்டால் தெரியும்? காப்பீட்டு அட்டைக்கு அங்கேயே ஏற்பாடு செய்ய முடியுமா? அப்புறம், பணத்தைக் கையில் கொடுக்காமல் ஸ்கேன் எடுக்கும் இடத்திலேயே நேராகக் கட்டலாமா? "கொடுக்காதீங்க" என்றால் அப்பா கேட்கமாட்டார், "இங்கே கட்டுங்க" என்றால் கேட்பார். ஞாயிற்றுக்கிழமை அனுப்பப்போவதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார், அதற்குள் சொல்லுங்கள்.