கிரிப்டோ வாலெட் ஆப்ல இன்னும் உங்களை உறுத்துற அந்த ஒரு ஸ்கிரீன் எது?

கோடம்பாக்கம்_யூஎக்ஸ்
வாலெட் ஆப் ஒண்ணுக்கு டிசைன் பண்றேன், பேர் வேணாம். புதுசா வர்றவங்களுக்கு புரியுதான்னு பாக்க ஆள் கூப்ட்டு டெஸ்ட் வச்சோம், அதுல ஒரு மேடம், பேங்க்ல கேஷியரா இருந்து ரிட்டயர் ஆனவங்க. சீட் ஃப்ரேஸ் ஸ்கிரீன் வந்துச்சு, அதாவது வாலெட்டோட மாஸ்டர் சாவி, யார் கைல கெடைச்சாலும் பணத்த எடுத்துரலாம், தொலைஞ்சா எங்களாலயும் மீட்டுத் தர முடியாது. 12 இங்கிலீஷ் வார்த்தை, கீழ "எழுதி வச்சுட்டேன்"னு ஒரு டிக் பாக்ஸ். கண்ணாடிய நெத்தியில இருந்து இறக்கி ஒவ்வொண்ணா விரல் வச்சு வாசிச்சுட்டு "என்ன தம்பி, ஸ்பெல்லிங் டெஸ்ட்டா?"ன்னாங்க. டெஸ்ட் நடக்கறப்போ நாங்க வாயத் தொறக்கக் கூடாது, சும்மா சிரிச்சு வச்சேன். டக்குனு ஸ்கிரீன்ஷாட் எடுத்தாங்க, வாட்ஸாப்ல பையனுக்கு அனுப்பினாங்க, டிக் போட்டாங்க. முப்பது வருஷமா பின் நம்பரை யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னு கவுன்ட்டர்ல உக்காந்து ஊருக்கே சொன்னவங்க! காலி வாலெட்தான், பணம் எதுவும் போகல. ஆனா எந்திரிக்கறப்போ கேட்டாங்க பாருங்க, "இது தொலைஞ்சா எந்த பிரான்ச்ல எழுதிக் குடுக்கணும்?" அந்த ஸ்கிரீன வரைஞ்சதே நான்தான்.

சில்லறை_இல்ல
எனக்கு யூஎஸ்டிடி, டாலர் மதிப்பையே ஒட்டி நிக்கற காயின். வெளிநாட்டு கிளையன்ட் ட்ரான்ங்கற நெட்வொர்க்ல அனுப்பிட்டான், வாலெட்ல 200 காட்டுது, எக்ஸ்சேஞ்சுக்கு மாத்தலாம்னா பட்டன் சாம்பல் கலர்ல செத்துக் கெடக்கு, கீழ "பேலன்ஸ் போதாது". 200 இருக்கே, எது போதாது? ராத்திரி ஒரு மணிக்கு எவனோ அக்கவுன்ட்ட லாக் பண்ணிட்டான்னு நெனச்சு கை நடுங்கிருச்சு. விஷயம் என்னன்னா ஃபீஸ யூஎஸ்டிடில எடுக்காதாம், ட்ரானோட சொந்த காயின் டிஆர்எக்ஸ் தனியா வச்சிருக்கணுமாம். பஸ்ல 500 ரூபா நோட்ட நீட்டினா கண்டக்டர் சில்லறை இல்லன்னு எறக்கி விடுவாரே, அதே கதை. அந்தாளாவது வாயத் தொறந்து சொல்லிட்டு எறக்குவாரு.

2017_ஹோல்டர்
எல்லாரும் ஸ்கிரீனையே திட்டறீங்க. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். நான் 2017ல போன ஃபார்மட் பண்ணி கொஞ்சம் காயின விட்டவன், யாரையும் குத்தம் சொல்லல. இப்ப சொல்றத கேளுங்க. சீட் ஃப்ரேஸ பேப்பர்ல பேனாவால எழுதுங்க, ரெண்டு காப்பி, ரெண்டு வேற வேற வீட்ல. போட்டோ எடுக்காதீங்க, அது தானா க்ளவுடுக்கு ஏறிரும். அந்த வார்த்தையெல்லாம் 2048 வார்த்தை உள்ள ஒரு லிஸ்ட்ல இருந்துதான் வருது, அதுல முதல் நாலு எழுத்து எதுக்கும் ஒண்ணாகாது, அதனால கையெழுத்து கோழி கிறுக்கல்னாலும் நாலு எழுத்து தெளிவா இருந்தா போதும். வரிசைய மாத்தி எழுதிராதீங்க. கஸ்டமர் கேர்னு சொல்லி எவன் ஃப்ரேஸ கேட்டாலும் திருடன், அதுல சந்தேகமே வேணாம். ட்ரான் வழியா வர்ற டிஆர்சி20யா, எத்தீரியம் வழியா வர்ற ஈஆர்சி20யான்னு அனுப்பறவன்கிட்ட கேட்டுக்கங்க. எப்பவும் மொதல்ல சின்னத் தொகை அனுப்பிப் பாத்துட்டு அப்புறம் பெருசு. இதெல்லாம் தெரியாம உள்ள வர்றவங்கள எந்த டிசைனும் காப்பாத்தாது.

வைகைக்கரை
கூடம் நெஜமாவே கோணல்தான் அண்ணே. நீங்க சொன்ன சின்னத் தொகைய அனுப்பித்தான் நான் மாட்டினேன். பத்து டாலர் போட்டேன், போய்ச் சேந்துருச்சு. மறுநாள் மிச்சத்த அனுப்ப ஹிஸ்டரில போய் அதே அட்ரஸ, அக்கவுன்ட் நம்பர் மாதிரி, காப்பி பண்ணேன், அதாவது அதேன்னு நெனச்சேன். நடுவுல எவனோ முதல் நாலும் கடைசி நாலும் ஒண்ணா இருக்கற மாதிரி ஒரு அட்ரஸ் செஞ்சு, அதுலருந்து சைபர் தொகைக்கு ஒரு என்ட்ரிய என் ஹிஸ்டரிக்குள்ள நொழச்சு வச்சிருக்கான். ஆப் என்ன காட்டுது? முதல் நாலு, மூணு புள்ளி, கடைசி நாலு. 42 எழுத்துல எது திருட்டுன்னு தெரியணுமோ அத்தனையும் அந்த மூணு புள்ளிக்குள்ள. அனுப்பினதும் பெருசா பச்சை டிக்கு, கலர் காகிதம் பறக்குது. டீக்கடைல யூபிஐல 12 ரூபா போட்டாக்கூட பின் அடிக்கறதுக்கு முன்னாடி கடைக்காரர் பேரக் காட்டுது. இங்க என் மூணு மாச சம்பளம் போன எடத்துல காகிதம் பறக்க விட்டானுங்க, இன்னும் கண்ண மூடினா அதான் வருது.

தூக்கம்_வராதவள்
நான் சின்னது. 500 ரூபாய்க்கு பிட்காயின் வாங்கி அம்மாகிட்ட காட்டினேன். புள்ளிக்குப் பின்னாடி நாலு சைபர எண்ணிட்டு "500 குடுத்து சைபர் வாங்கிட்டு வந்துருக்கியேடி"ன்னாங்க. ஒரு பிட்காயின்ல பத்து கோடி சட்டோஷி இருக்குல்ல, அதுல காட்டினா என்ன கொறஞ்சு போகும்?

கோடம்பாக்கம்_யூஎக்ஸ்
@வைகைக்கரை, அந்த மூணு புள்ளிய நாங்களும் வச்சிருக்கோம். நாளைக்கே பேசறேன்.
@2017_ஹோல்டர், நீங்க சொன்னதுல பாதிய ஆப்பே செய்யணும் சார், அதுக்குத்தான் எனக்கு சம்பளம். அந்த ஸ்கிரீன்ல இப்ப ஸ்கிரீன்ஷாட் எடுக்க முடியாது, டிக் பாக்ஸ தூக்கிட்டோம், மூணு வார்த்தைய திரும்ப டைப் பண்ணாதான் மேல போகும். அந்த மேடமையே மறுபடி கூப்ட்டோம். இந்த தடவை டெய்லி காலண்டர் தாள் பின்னாடி அழகா எழுதினாங்க, எனக்கு ஒரே சந்தோஷம். வாரம் கழிச்சு போன் பண்ணி எங்க வச்சிருக்கீங்கன்னு கேட்டா, பேத்தி அதுல பெருக்கல் கணக்கு போட்டு ஸ்கூலுக்கு எடுத்துட்டுப் போயிட்டாளாம்.